ஃபிலோமினா அக்கா கிளம்புகிற மத்தியானம்

தூங்குகிறாளா, தூங்குகிற மாதிரி கிடக்கிறாளா, தெரியவில்லை. கதவைப் பாதி சாத்திவிட்டு வந்து கூடத்துப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். முழுக்கச் சாத்தினால் அவள் கூப்பிடுவது எனக்குக் கேட்காது, முழுக்கத் திறந்துபோட்டால் இந்த மெஷினின் இரைச்சல் அவளை எழுப்பிவிடும், அதனால் பாதி. காற்றைச் சுத்தம் பண்ணுகிற மெஷின். மார்ச் மாதம் வந்துவிட்டால் தாய்லாந்தில் இந்தச் சியாங் மாயில் யாரும் ஜன்னலைத் திறப்பதில்லை. மலையில் காட்டுக்குத் தீ வைக்கிறார்கள், வயலில் சோளத்தட்டையைக் கொளுத்துகிறார்கள், புகை இறங்கி வந்து ஊர்மேல் படுத்துக்கொள்கிறது, எங்கள் சன்சாய்ப் பக்கம் இன்னும் மோசம், எதிரே நிற்கிற மலை எங்கே போனதென்றே தெரியாது. கண் எரிகிறது. தொண்டையில் எதுவோ ஒட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. மெஷினின் நெற்றியில் சிவப்பு விளக்கு எரிகிறது, காற்று சரியாகிவிட்டால் அது நீலமாக வேண்டும், காலையிலிருந்து பார்க்கிறேன், சிவப்புதான். ஃபிலோமினா அக்காவின் ரத்தத்தையும் இனிமேல் இப்படி ஒரு மெஷின்தான் சுத்தம் பண்ணப் போகிறது, வாரத்துக்கு மூன்று நாள், சிங்கப்பூரில். இரண்டு கிட்னியும் போய்விட்டது. அதற்காகத்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போக மகன் ஏட்ரியன் நேற்று வந்திருக்கிறான், டவுனில் ஓட்டலில் தங்கியிருக்கிறான், ஐந்து மணிக்கு வேன் கொண்டு வருவான். "போய் உடம்பு தேறட்டும் ஆண்டி, அப்புறம் திரும்பி வருவாங்க" என்றான். தேறுவதாம். நானும் தலையாட்டினேன். அவனும் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, இரண்டு பேரும் மூலையில் நிற்கிற அவள் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

திரும்பி வர மாட்டாள். அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் நேற்று கஞ்சி குடிக்கிறபோது என்ன சொன்னாள்? "வீட்ட விட்டுடாத லோகா." கஞ்சியை ஊதிக்கொண்டே சொன்னாள், ஊறுகாய் எடு என்று சொல்கிற மாதிரி. நானும் "ம்" என்று சொல்லிவிட்டு ஊறுகாயைத்தான் எடுத்துக்கொண்டு வந்தேன். அப்போது ஒன்றும் தோன்றவில்லை, படுத்த பிறகுதான் அந்த வார்த்தை குடையத் தொடங்கியது. வீட்டை விட்டுவிடாதே என்றால் நான் வருவேன், எனக்கு இடம் வைத்திரு என்று அர்த்தமா? வர மாட்டாளே. அப்படியானால் நீ இங்கேயே கிட, என் பின்னால் வந்து நிற்காதே என்று அர்த்தமா? சீ, அவள் அப்படிச் சொல்கிறவள் இல்லை. ஆனால் நீயும் வந்துவிடு என்றும் சொல்லவில்லையே. ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்ன நாளிலிருந்து இன்றைக்கு வரைக்கும், எவ்வளவு பேசியிருக்கிறோம், எந்தச் சட்டையை எடுத்துக்கொள்வது, எந்தச் சட்டியை யாருக்குக் கொடுப்பது, மீதி இருக்கிற அரிசியை என்ன பண்ணுவது, மாதா சொரூபத்தை எந்தத் துணியில் சுற்றுவது. நீயும் வாடி என்று ஒரு வார்த்தை இல்லை. கூப்பிட்டால் போவேனா? அது வேறு கதை. போக மாட்டேனாக இருக்கும். ஆனால் கூப்பிடலாம். கூப்பிட்டால் என்ன, வாய் முத்தா உதிர்ந்துவிடும். இதையே எத்தனை தரம் நினைப்பது, துணி துவைக்கிற மெஷினில் மாட்டிக்கொண்ட சாக்ஸ் மாதிரி இதே சுற்று. வேறு எதையாவது நினைக்கலாம்.

இந்த ஊருக்கு வரலாம் என்று முதலில் சொன்னவள் அவள்தான். வேலையை விட்டு நிற்கப்போகிற வருஷம் அது. சிங்கப்பூர் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானத்தில் தருகிற சாப்பாட்டைத் தயார் பண்ணுகிற பெரிய அடுக்களையில் இரண்டு பேரும் வேலை. முப்பது வருஷத்துக்குப் பக்கம். பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும், இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள், தலைக்கு வலை, கைக்கு உறை, பல் கிட்டுகிற குளிர். டிரே வரும், நான் கரண்டிப் பொட்டலமும் வெண்ணெயும் வைப்பேன், அவள் சாலட்டும் ரொட்டியும் வைப்பாள், டிரே போய்விடும். எங்கே போகிறது, யார் திங்கிறார்கள், தெரியாது. பெல்ட் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பேசியே அவளுக்குத் தொண்டை பெரிதாகிவிட்டது, இங்கே வந்த பிறகும் பக்கத்து அறையிலிருந்து பேசினால் தெருவுக்கே கேட்கும். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். அரைக்கால் சட்டை போட்ட ஒரு வெள்ளைக்காரன் தென்னை மரத்தடியில் நின்றுகொண்டு, சொந்த ஊரில் வாடகை கட்டவே பத்தாத பென்ஷனில் இங்கே தோட்டத்தோடு வீடு, நினைத்தபோது மசாஜ், ராஜா மாதிரி இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். "போவோமாடி?" என்றாள். சிரித்தேன். "எதுக்குச் சிரிக்கிற? உனக்கும் எனக்கும் யாரு இருக்கா? உன் சிபிஎஃப் காசையும் என் சிபிஎஃப் காசையும் வச்சுகிட்டு தேக்காவுல ஒரு ரூம்புகூட எடுக்க முடியாது லா." அது உண்மைதான், சம்பளத்தில் பிடித்து வயசான காலத்துக்கென்று வைத்த காசு அவ்வளவுதான். அவள் புருஷன் போய்ச் சேர்ந்து வெகு காலம், வீட்டை மகன் கல்யாணத்தோடு விற்று அவன் புது வீட்டுக்குக் கொடுத்துவிட்டு அவன் கூடவே ஒண்டிக்கொண்டிருந்தாள், மருமகள் மிஷேல் சீனப் பிள்ளை, கெட்டவள் இல்லை, ஆனால் மீன் பொரித்தால் அந்தப் பிள்ளைக்கு வாசனை ஆகாது. எனக்குக் கல்யாணமே இல்லை. கிளம்பிவிட்டோம். எத்தனையோ லட்சம் டிரே அனுப்பி வைத்தவர்கள், இரண்டு பேரும் அன்றைக்குத்தான் முதல் தரம் விமானத்தில் ஏறினோம். மலிவு டிக்கெட் வேண்டாம், சாப்பாடு தருகிற விமானத்தில்தான் போகணும் என்று ஒரே பிடிவாதம் பிடித்தாள். டிரே வந்தது, மூடியைப் பிரித்தாள், "எவடி இவ, சாலட்ட இவ்ளோ கோணலா வச்சிருக்கா?" என்றாள் உரக்க. பணிப்பெண் பயந்துபோய் ஓடி வந்தது. எனக்குச் சிரித்துச் சிரித்து மூச்சு முட்டியது.

இருமல் சத்தம். அவள்தான். எழுந்திருக்கவா? இல்லை, அடங்கிவிட்டது. திரும்பிப் படுக்கிறாள், கட்டில் முனகுகிறது. இடது கால் வீங்கியிருக்கிறது, ஒருக்களித்துப் படுத்தால் தலையணை வைக்க வேண்டும், வைத்துவிட்டுத்தான் வந்தேன். நாளைக்கு யார் வைப்பார்கள். ஏட்ரியன் வீட்டில் வேலைக்கு ஒரு பிலிப்பினோ பிள்ளை இருக்கிறது, அது வைக்கும். அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும், இடது கால், முழங்காலுக்குக் கீழே, ரொம்ப உயரம் வேண்டாம். அதை ஏட்ரியனிடம் சொல்லணும், மறந்துவிடக் கூடாது.

வந்த முதல் நாளும் சிரிப்புத்தான். வாடகைக்கு விட்ட வீட்டுக்காரி அடுத்த வீட்டில் இருக்கிறாள், எங்கள் வயசு, வாசலில் வந்து கைகூப்பி, நெஞ்சைத் தொட்டு, "பீ நோய்" என்றாள். ஃபிலோமினா அக்கா என் பக்கம் திரும்பினாள், நான் அவள் பக்கம் திரும்பவே இல்லை, திரும்பியிருந்தால் அவ்வளவுதான். தாய் பாஷையில் பீ என்றால் அக்கா, நோய் என்றால் சின்னவள், அதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டோம். "பேரே பீயும் நோயுமா இருக்கே, இந்த வீடு வெளங்குமா?" என்று அன்றைக்கு இரவு தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து எங்களுக்கு அவள் நோயக்கா. நல்ல பெண்பிள்ளை. முருங்கைக்காய் காய்த்தால் கொண்டு வந்து வேலியில் மாட்டிவிட்டுப் போவாள், கீரையை நாங்கள் பறித்ததைப் பார்த்து ஆடு மாதிரி இலையைத் தின்கிறார்களே என்று தெருவில் சொல்லிச் சிரித்தாளாம். ஃபிலோமினா அக்கா ஆறே மாதத்தில் பாஷையைப் பிடித்துக்கொண்டாள், தப்பும் தவறுமாக, ஆனால் பயம் இல்லாமல். "தாய் மொழி தெரியாம என்னடி மனுஷி நீ" என்று என்னைக் கிண்டல் பண்ணுவாள், "நமக்குத் தாய்மொழி வேற, இவங்களுக்குத் தாய் மொழி வேற" என்று தானே சொல்லித் தானே சிரிப்பாள். சந்தையில் பேசுவது அவள், காசு கொடுப்பது நான். அவள் பேசட்டும் என்று நான் விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது. நாளைக்குச் சந்தைக்குப் போனால் நான் என்ன பேசுவேன், கையை நீட்டிக் காட்ட வேண்டியதுதான், ஊமை மாதிரி.

இல்லாவிட்டால் போய்விடலாம். சிங்கப்பூரில், யீஷூனில் தம்பி கனகசபை இருக்கிறான். முந்தாநாள் போன் பண்ணினான். "என்னக்கா, என்ன முடிவு பண்ணியிருக்க?" முடிவு. அந்த வார்த்தையை எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார்கள். "நீ வர்றதுன்னா வா, ஹால்ல இடம் இருக்கு." ஹாலில் இடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? இருபத்திரண்டு வருஷம் படுத்த ஹால். மடக்குக் கட்டில். பிள்ளைகள் டிவியை நிறுத்தும் வரைக்கும் உட்கார்ந்திருந்து, பிறகு விரித்து, காலையில் அவர்கள் எழுந்து பசியாற வருவதற்குள் மடக்கி சோபாவுக்குப் பின்னால் தள்ளிவிட வேண்டும். ஒரு நாள் காய்ச்சல், மடக்கவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, தம்பி பெண்டாட்டி கட்டிலைச் சுற்றிச் சுற்றித் தரையைத் துடைத்தாள், அவ்வளவுதான். நானே எழுந்து மடக்கிவிட்டேன். அந்த வீட்டில் எனக்கு யாரும் குறை வைக்கவில்லை, கோவிலில் சாமி முன்னால் வேண்டுமானாலும் சொல்வேன், சாப்பாட்டுக்குக் குறை இல்லை, பேச்சுக்குக் குறை இல்லை. கதவு மட்டும் இல்லை. இங்கே வந்த முதல் நாள் என் அறைக் கதவைச் சாத்தினேன். திறந்தேன். மறுபடியும் சாத்தினேன். ஃபிலோமினா அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "என்னடி கதவோட மல்லுக்கட்டிகிட்டு இருக்க?" என்றாள். அறுபத்து மூன்று வயசில் கிடைத்த கதவு. அதை விட்டுவிட்டுப் போய் மறுபடியும் கட்டிலை மடக்குவதா? முழங்கால் வேறு குனிய விடாது. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே விழுந்துவிட்டால்? குளியலறையில் வழுக்கி விழுந்தால் யாருக்குத் தெரியும்? இந்தத் தெருக்கோடியில் ஒரு டேனிஷ்காரர் இருந்தார், தனி ஆள், நாற்காலி போட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார், கையை அசைப்பார். நாய் விடாமல் குரைத்துத்தான் தெரிந்தது. கோவிலில் பிக்குகள் வந்து மந்திரம் சொல்லி எரித்தார்கள், நோயக்கா வெள்ளைப் பூ வைத்தாள், நாங்களும் போயிருந்தோம், அவர் பேரைச் சொல்லி அழ அங்கே யாருக்கும் அவர் பேர் முழுசாகத் தெரியவில்லை. திரும்பி வருகிறபோது ஃபிலோமினா அக்கா, "எனக்கு இந்த எரிக்கிற சோலி வேணாம்டி, எங்கயாவது மண்ணுல பொதச்சுடு" என்றாள். "அப்ப எனக்கு?" என்றேன். "நீ எனக்கு முன்னாடி போயிடாத, ஒரே பிரச்சன" என்றாள்.

நினைக்க வேண்டாம். வேண்டாம் என்றால் நின்றுவிடுமா.

அடுத்து அந்த ஆஸ்பத்திரி வந்து நிற்கிறது. கால் வீக்கத்தைச் செருப்பு கடித்தது என்றாள், மூச்சு வாங்கியதைப் புகை என்றாள், நானும் நம்பினேன், எல்லாருக்கும்தான் மூச்சு வாங்குகிறது. கடைசியில் நோயக்காவின் மருமகன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரியா அது, ஓட்டல் மாதிரி, தரையில் முகம் தெரிகிறது, தாதி கைகூப்புகிறது. டாக்டர் மெதுவாக, அன்பாக, நல்ல இங்கிலீஷில் பேசினார், அன்பாகப் பேசினாலே எனக்குப் பயம். வெளிநாட்டுக்காரர்களுக்கு இங்கே இந்த வைத்தியத்துக்கு ஆகிற செலவு ஆயுள் பூராவும் ஆகிற செலவு, உங்கள் நாட்டில் சலுகை இருக்குமே, அங்கே போவதுதான் நல்லது என்றார். மலிவு மலிவு என்று வந்த ஊர், உடம்புக்கு வராத வரைக்கும்தான் மலிவு. அதுகூட என்னைத் தைக்கவில்லை. முகப்பில் உட்கார்ந்திருந்த தாதிதான், சின்னப் பிள்ளை, சிரித்த முகத்தோடு கேட்டது, நீங்கள் அவருக்கு என்ன உறவு? நான் வாயைத் திறந்தேன். அக்கா என்று சொல்லியிருக்கலாம், கூப்பிடுவது அப்படித்தானே. பொய்யாகிவிடுமோ என்று கூட்டாளி என்று சொன்னேன். அந்தப் பிள்ளை அதே சிரிப்போடு, அப்படியானால் சொந்தக்காரர்கள் யாராவது இருக்கிறார்களா என்றது. ஏட்ரியன் நம்பரைக் கொடுத்தேன். அதற்குப் பிறகு எல்லாம் ஏட்ரியனிடம்தான் கேட்டார்கள், அங்கே சிங்கப்பூரில் அவன் ஆபீசில் உட்கார்ந்துகொண்டு, அம்மா காலையில் என்ன சாப்பிட்டாள், கடைசியாக எப்போது வாந்தி எடுத்தாள் என்று என்னிடம் கேட்டு அவர்களுக்குச் சொன்னான். அவன்மேல் தப்பு இல்லை. நல்ல பையன், பெற்றவளுக்காகப் பறந்து வந்திருக்கிறான். நாளைக்கு என்னைத் தூக்கிக்கொண்டு போனால் அந்தப் பிள்ளை யாரிடம் என்ன உறவு என்று கேட்கும்? கேட்பதற்கு அங்கே ஆள் நிற்க வேண்டுமே.

"லோகா!"

எழுந்துவிட்டாள். "வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தால் முழங்கால் ஒத்துழைக்கவில்லை, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்கிறேன். அறையில் அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள், காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, முகம் ஊதிப்போய், வேறு யாரோ மாதிரி. "மணி என்னடி?" நாலு தாண்டிவிட்டது என்கிறேன். "எழுப்ப மாட்டியா? மூஞ்சி கழுவணும், தலை வாரணும், அவன் வந்து நிப்பான்." தூங்கட்டும் என்று விட்டேன் என்கிறேன். "செத்த பொறவு தூங்கிக்கலாம்" என்கிறாள். கைத்தாங்கலாகப் பிடித்து எழுப்புகிறேன். கனக்கிறாள், உடம்பு பூராவும் தண்ணீர். குளியலறை வரைக்கும் போய் வருவதற்குள் இரண்டு பேருக்கும் மூச்சு வாங்குகிறது, இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்துவிடுகிறோம், பக்கத்தில் பக்கத்தில், எதிர்ச் சுவரில் மாதா இருந்த ஆணி மட்டும் இருக்கிறது. சீப்பை எடுத்து அவள் தலையை வாருகிறேன். முடி கொட்டிவிட்டது, சீப்பில் வருகிறது, அவள் பார்க்காமல் உருட்டி மடியில் போட்டுக்கொள்கிறேன். இப்போது கேட்கலாம். நான் என்ன பண்ணட்டும் அக்கா என்று கேட்கலாம். வாய் வரைக்கும் வருகிறது. "இறுக்கிப் பின்னாத, பிளேன்ல சாய முடியாது" என்கிறாள். சரி என்கிறேன். "அந்தத் தலகாணி எடுத்து வச்சியா?" வேனில் போட்டுக்கொள்ளலாம் என்கிறேன். "பெட்டியில வையி." பெட்டியில் இடமில்லை. "இருக்கும், அந்தப் பச்சச் சட்டைய எடுத்துப் போடு, அது எனக்கு எதுக்கு, இனிமே எங்க போவப் போறேன்." அந்தப் பச்சைச் சட்டை போன ஈஸ்டருக்கு இரண்டு பேரும் போய் எடுத்தது. நல்லா இருக்கிற சட்டையை எதற்கு எடுத்துப் போடணும் என்று கேட்கிறேன், என் குரல் எனக்கே உரக்கக் கேட்கிறது. "உன்கிட்ட ஒரு காரியம் சொன்னா ஒம்போது கேள்வி" என்கிறாள். தலையணைக்காகச் சண்டை போடுகிறோம், கடைசி நாளில், தலையணைக்காக. பச்சைச் சட்டையும் தலையணையும் இரண்டையும் அமுக்கிப் பெட்டிமேல் உட்கார்ந்து மூடுகிறேன்.

வேன் சத்தம். ஐந்தாகவில்லை, முன்னாலேயே வந்துவிட்டான். ஏட்ரியன் முகமூடியைக் கழற்றிக்கொண்டே உள்ளே வருகிறான், கண் சிவந்திருக்கிறது, புகையாக இருக்கும். "மம்மி ரெடியா ஆண்டி? டைம் இருக்கு, ஸ்லோவா வாங்க." பெட்டியைத் தூக்குகிறான். இடது கால், முழங்காலுக்குக் கீழே தலையணை, ரொம்ப உயரம் வேண்டாம் என்று அவனிடம் சொல்கிறேன். "ஓகே ஆண்டி" என்கிறான். அவன் கேட்டுக்கொண்டானா என்று தெரியாமல் இன்னொரு தரம் சொல்கிறேன். அவன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஆண்டி, நான் பாத்துக்குவேன்" என்கிறான், பாவம். நோயக்கா வேலியைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டாள், ஃபிலோமினா அக்காவின் மணிக்கட்டில் காப்பாக வெள்ளை நூல் கட்டி, குனிந்து என்னவோ முணுமுணுக்கிறாள். மாதாவைக் கும்பிடுகிறவள் பேசாமல் கையை நீட்டிக்கொண்டிருக்கிறாள். பிறகு ஏட்ரியன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், வாசற்படி, ஒரு படி, இன்னொரு படி, வேன். டிரைவர் இருக்கையைச் சாய்த்துக் கொடுக்கிறான். அவளை உட்கார வைத்து, காலை எடுத்து உள்ளே வைத்து, பெல்ட்டை மாட்டிவிடுகிறேன். அவ்வளவுதான். இனிமேல் கதவை இழுத்துச் சாத்த வேண்டியது மட்டும்தான். கையை எடுக்கிறேன்.

"நில்லுடி" என்கிறாள்.

நிற்கிறேன்.

"இவ்வளவு நாளா பாக்கறேன், நீ ஒரு வார்த்த சொல்லல."

"என்ன சொல்லல?"

"போகாதன்னு சொல்லல. பெட்டி அடுக்குற, மருந்த எடுத்து வைக்கிற, அவனுக்குத் தலகாணிப் பாடம் எடுக்கிற. ஒரு தடவ, போகாதக்கான்னு சொன்னியா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் எதற்குக் காத்துக்கொண்டிருந்தேன், இவள் எதற்குக் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். "சொன்னா இருந்துடுவியா?" என்கிறேன்.

"இருக்க மாட்டேன். இருந்தா பத்து நாள்ல செத்துப்போவேன், டாக்டர் சொன்னத நீயும்தான கேட்ட. அதுக்காக? சொல்லக் கூடாதா?"

"நீ மட்டும் சொன்னியா? நீயும் வாடின்னு என்னக் கூப்பிட்டியா?" வந்துவிட்டது. ஏட்ரியன் முன்னால், டிரைவர் முன்னால், பாஷை புரியாத நோயக்கா முன்னால், என் குரல் கிழிந்து வெளியே வந்துவிட்டது.

அவள் என்னைப் பார்க்கிறாள். அந்த ஊதின முகத்துக்குள்ளே அவள் கண் மட்டும் பழைய கண். "எங்கன்னுடி கூப்பிடுவேன்?" என்கிறாள். சத்தமே இல்லை, அவளிடம் அப்படி ஒரு குரல் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. "எனக்கு வீடு ஏது? பேத்தி ரூம்புல கீழ்க்கட்டில்ல படுக்கப் போறேன். உன்ன எங்க கூப்பிட்டுப் படுக்க வைப்பேன்? அதான் வீட்ட விட்டுடாதன்னேன். ஒருத்திக்காவது இருக்கட்டும்."

ஏட்ரியன் பக்கத்தில் நின்றுகொண்டு தரையைப் பார்க்கிறான். அவனுக்கு எவ்வளவு தமிழ் புரியும் என்று தெரியவில்லை, ஆனால் காது சிவந்துவிட்டது. நான் வேன் கதவைப் பிடித்துக்கொள்கிறேன். சொல்ல வேண்டும், இது ஒன்றும் பெரிய காரியம் இல்லை, ஒரே ஒரு வார்த்தை, சொல்வதால் எதுவும் மாறப் போவதும் இல்லை, மாறாது என்று தெரிந்த பிறகு சொல்வதுதான் கஷ்டமாக இருக்கிறது.

"போகாதக்கா" என்கிறேன்.

சரியாகக் கேட்கவில்லை போல. அல்லது கேட்டும் கேட்காத மாதிரி இருக்கிறாள். "என்னது?"

"போகாத அக்கா. போகாத. போகாத." எத்தனை தரம் சொன்னேனோ, நிறுத்த முடியவில்லை, அவள் மடியில் தலையை வைத்துவிட்டேன், அவள் கை என் உச்சந்தலையில் வந்து கனமாக உட்கார்ந்துகொண்டது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டான். பிறகு அவள் என் தலையில் இரண்டு தட்டுத் தட்டினாள், பெல்ட்டில் டிரே சரியாக வந்தால் தட்டுவாளே, அந்த மாதிரி. "சரி," என்றாள். "இப்ப போறேன்." மகனைப் பார்த்து, "ஏட்ரியா, ஏறு" என்றாள்.

வேன் தெருமுனை திரும்புவதற்கு முன்னாலேயே புகைக்குள் போய்விட்டது, பின்விளக்கு கொஞ்ச நேரம் தெரிந்தது. நோயக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். எனக்கும் அவளுக்கும் நடுவே பாஷை இல்லை. கொஞ்சம் கழித்து மெதுவாக, சின்னப் பிள்ளைக்குக் கேட்பது மாதிரி கேட்கிறாள். "பாய் ரூ யூ?" போகிறாயா, இருக்கிறாயா. இது எனக்குத் தெரியும். அடுத்த வருஷம் என்ன, விழுந்தால் யார் தூக்குவது, தம்பிக்கு என்ன பதில், அதெல்லாம் தெரியாது, அதை எந்தப் பாஷையிலும் என்னால் சொல்ல முடியாது.

"யூ" என்கிறேன். இருக்கிறேன்.

அவள் தலையாட்டிவிட்டு, என் முழங்கையை விடாமலேயே வேலியைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போகிறாள். அவள் அடுக்களையில் பாய் விரித்திருக்கிறது, மருமகன் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்காருகிறான். சோறும், மீன் போட்ட புளிக்குழம்பும் வைக்கிறாள். ஒரு வாய் வைத்ததும் உறைப்பில் கண்ணில் தண்ணீர் வருகிறது, மூக்கில் வருகிறது, அவர்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி சாப்பிடுகிறார்கள். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. நோயக்கா கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்கிறாள்.

தட்டை நீட்டுகிறேன்.